தவிட்டு அறையில் எட்டு ரப்பர் சக்கரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல பிள்ளை கிடையாது. என்னைத் தங்கமான மனுஷி என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எண்பதுகளில் எங்கள் மில் களத்தில் நின்று என்னைப் பார்த்தவர்கள் இல்லை.

அப்பாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு புழுங்கலரிசி மில் இருந்தது. மில்லுக்குப் பின்னால் அவித்த நெல்லைக் கொட்டிக் காயவைக்கிற சிமெண்டுக் களம். ஊரையே உட்காரவைத்துப் பந்தி போடலாம், அத்தனை பெரிசு. ஞாயிற்றுக்கிழமை நெல் அவிக்க மாட்டார்கள், களம் சும்மா கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பீட்டி டீச்சர் ஒருநாள் அப்பாவைத் தேடி வந்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் களத்தைக் குடுங்க சார், பொண்ணுங்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லித் தர்றேன்" என்றார். அப்பாவுக்கு ஸ்கேட்டிங் என்றால் தின்கிறதா உடுத்துகிறதா என்றே தெரியாது. ஆனால் டீச்சர் மெட்ராஸில் படித்தவர், வாய்க்கு வாய் சார் என்று வேறு கூப்பிட்டார். அப்பா விழுந்துவிட்டார். அடுத்த தடவை மெட்ராஸ் போனபோது ரெண்டு ஜோடி ஸ்கேட்டும் வாங்கிவந்தார். ஒன்று எனக்கு, ஒன்று அத்தை மகளுக்கு.

அத்தை மகள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அத்தைக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புக் கழனி. அங்கே படிப்பு சரிவராது என்று ஆறாம் வகுப்பிலேயே கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டார்கள். என்னைவிட நாலு மாசம் மூத்தவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அம்மா எண்ணெய் வைத்தால் ரெண்டு தலைக்கும் சேர்த்தே வைப்பாள். கணக்கு, கோலம், பாட்டு, எதை எடுத்தாலும் அவளுக்கு என்னைவிட ஒரு படி நன்றாக வரும். எனக்கு வயிறு எரியும். எங்க ஊட்டுச் சோத்தைத் தின்னுக்கினு என்னையே முந்திக்கினு போறாளே என்று எரியும். அப்படித்தான் நினைத்தேன், அதை இப்போது பூசி மெழுகப் போவதில்லை.

அந்தக் காலத்து ஸ்கேட் என்பது ஒரு இரும்புத் தட்டு. கேன்வாஸ் ஷூவுக்கு அடியில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தட்டுக்குக் கீழே முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு சக்கரம். ரெண்டு காலுக்கும் சேர்த்து எட்டு. நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும், வேறு சக்கரம் மாட்டிக்கொள்ளலாம். ரப்பர் ஒரு தினுசு, இரும்பு ஒரு தினுசு. ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும். விழ மாட்டோம், ஆனால் ஒற்றைக் காலில் சுற்றவும் விடாது. இரும்பு வழுக்கிக்கொண்டு ஓடும், களமே அதிர்கிற மாதிரி கரகரவென்று சத்தம் போடும். கால் உறுதிப்பட்டவளுக்கு அது சொன்ன பேச்சைக் கேட்கும். கால் ஆடுகிறவளைக் கவிழ்த்துவிடும்.

டீச்சர் சட்டம் ஒன்றுதான். "மொதல்ல எல்லாரும் ரப்பர். ஒத்தக் கால்ல பத்து எண்ற வரைக்கும் நின்னு காட்டு, இரும்பு தர்றேன். ஆசையைப் பாத்து மாட்டாதீங்க, காலைப் பாத்து மாட்டுங்க."

அத்தை மகள் ரெண்டே வாரத்தில் இரும்புக்குப் போய்விட்டாள். நான் ஒரு வருஷம் ஆகியும் ரப்பர்தான். ஒருநாள் டீச்சர் வருவதற்குள் திருட்டுத்தனமாக இரும்பை மாட்டிக்கொண்டு நாலடி வைத்தேன். மல்லாக்க விழுந்தேன். நெல் வாருகிற பொம்பளைகள் அன்றைக்குப் பார்த்துக் கூலி வாங்க வந்திருந்தார்கள், சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் வந்து தூக்கிவிட்டு, "உன் காலுக்கு ரப்பர்தாம்மா. இதுல இன்னா அவமானம்?" என்றார். அவமானம் இல்லை என்று பத்துப் பேர் எதிரில் சொன்னால் அதுதானே அவமானம்! அன்றிலிருந்து எனக்கு ரப்பர் என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏய் ரப்பர், தள்ளு, இரும்பு வருது." அத்தை மகள் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டீச்சர் களத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று போடுவார். அந்தக் கோட்டின் மேலேயே ஒற்றைக் காலில் போய் வர வேண்டும். நான் போனால் கோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் மூன்று தடவை சுற்றி வந்த பிறகு போய்ப் பார்த்தால் இரும்பு கீறின தடம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே தடமாக இருக்கும். நடுவில் நின்று பம்பரமாகச் சுற்றுவாள். ஒன்பது சுற்று! களத்தில் ஒரு நெல்மணி சிந்தியிருந்தால் போதும், சக்கரம் ஏறி ஆளைத் தூக்கி அடித்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் களம் முழுக்க அவள்தான் கூட்டுவாள். ரெண்டு தடவை அவள் கூட்டி முடித்தபிறகு அவள் பாதையில் நான் நாலு நெல்லைத் தூவியிருக்கிறேன். ரெண்டு தடவையும் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனாள், சனியன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிகிற சமயத்தில் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. அவளுக்கும் என் சித்தப்பாவுக்கும். சித்தப்பா அப்பாவின் தம்பி, அவளுக்குச் சின்ன மாமா. தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது எங்கள் பக்கம் சாதாரணம், யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். சித்தப்பா கெட்டவரும் இல்லை. மில்லைப் பார்த்துக்கொண்டு, பீடி குடித்துக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பார். ஆனால் அவளைவிடப் பதிமூன்று வயசு பெரியவர்.

"என்னை இடுப்புல தூக்கி வெச்சிக்கினு மூக்கு சிந்தி உட்ட மனுஷன்டி அவுரு. அவுரைக் கட்டிக்கினு நான் இன்னா பண்றது?" என்று என்னிடம் கேட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டால் அவள் எனக்குச் சித்தி ஆகிவிடுவாளே! அதைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சித்தி, களம் கூட்டியாச்சா?" "இன்னா சித்தி, சின்ன மாமாவுக்குக் காப்பி குடுத்தியா?" துடைப்பத்தை என் மேல் விட்டெறிவாள். நான் விடமாட்டேன், தெருவில் போகும்போதுகூடச் சித்தி சித்தி என்று கூவுவேன்.

டீச்சர்தான் ஒரு வழி கொண்டுவந்தார். மெட்ராஸில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்கேட்டிங் ஆடுகிற பிள்ளைக்கு ஹாஸ்டலோடு ப்ளஸ் ஒன் இடம், ஒரு பைசா செலவில்லை. எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு இடம். விழுப்புரத்தில் ஆடவைத்துப் பார்த்து எடுப்பார்கள். டீச்சர் அப்பாவிடமும் அத்தையிடமும் மணிக்கணக்காகப் பேசினார். கடைசியில் அத்தை இறங்கிவந்தாள். "சீட்டு கெடச்சா படிக்கட்டும், கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கலாம். கெடைக்கலன்னா ஆவணியில தாலி. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவளுக்கு அது போதும். கத்திரி வெயிலில் களம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், அதில் போய்ப் பழகினாள். நானும் பேர் கொடுத்தேன். கிடைக்கும் என்று நினைத்தா கொடுத்தேன்? அவள் மட்டும் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தேர்வுக்கு ரெண்டு நாள் முன்னால் அவளை அத்தை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கிருந்து நேரே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவதாகவும், அவள் ஸ்கேட்டை நான் எடுத்துவருவதாகவும் ஏற்பாடு. அன்றைக்கென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் டீச்சர் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். அவருக்கு அப்போது நிறைமாசம், விழுப்புரம்வரை வர முடியாது.

"இங்க பாரு, கிரவுண்டுல தண்ணி நிக்குதாம். கல்யாண மண்டபத்துக்கு மாத்திட்டாங்க. மொசைக் தரை. நம்ம களத்துக்குதான் இரும்பு சரி. பாலீஷ் போட்ட மொசைக்ல எவ்ளோ பெரிய ஆட்டக்காரி இரும்பு போட்டாலும் கால் நிக்காது. ரெண்டு பேரும் ரப்பர்லயே ஆடுங்க. பம்பரம் வேணாம், எட்டு மட்டும் போட்டாப் போதும், அவளுக்குத்தான் சீட்டு." அவளுக்குத்தான் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து எடுத்துவைத்திருந்த எட்டு ரப்பர் சக்கரத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "மறக்காம அவகிட்ட குடுத்துடு. நீ பொறுப்பான பொண்ணு."

வீட்டுக்கு வந்து நேரே மில்லுக்குப் போனேன். தவிட்டு அறையில் கூரைமுட்டத் தவிடு குவிந்திருக்கும். முழங்கைவரை கையை விட்டு அந்தப் பையை உள்ளே தள்ளினேன். கையெல்லாம் தவிடு, மூக்கெல்லாம் தவிடு. கிணற்றடியில் கழுவிக்கொண்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். பயமும் இல்லை, பாவமும் இல்லை. சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் அப்பாவோடு விழுப்புரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் அவள் மட்டும் நின்றிருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம், கையில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம். எனக்காக வாங்கிவைத்திருந்தாளாம். தின்றுகொண்டே மண்டபத்துக்கு நடந்தோம்.

உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அங்கே ஏதோ பெரிய கல்யாணம், தரையை மெழுகுபோட்டுத் தேய்த்திருந்தார்கள். ட்யூப்லைட் தரையில் தெரிந்தது.

"இன்னாடி இது, மொசைக்கு! இரும்பு வழுக்குமே. டீச்சர் எதுனா சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

"நெஜமா?"

"நெஜமாத்தான். அவங்களே நெறமாசம், இன்னாத்த சொல்லுவாங்க?"

கொஞ்ச நேரம் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, "உன் ஆட்டம் முடிஞ்சதும் ஜல்தியா உன் ரப்பரைக் கழட்டித் தர்றியா? மாட்டிக்கினு போயிடறேன்" என்று கேட்டாள். என் பாவாடைப் பாக்கெட்டில் ஸ்பேனர் இருந்தது. கை அதன் மேல்தான் இருந்தது.

"ஸ்பேனரு எடுத்தாரலியே" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "உனுக்கு எதுக்குடி ரப்பரு? நீதான் இரும்புக்காரியாச்சே."

மொத்தம் அஞ்சு பேர் வந்திருந்தோம். ரெண்டு பேருக்கு எட்டே போடத் தெரியவில்லை. ஒருத்தி தரையைப் பார்த்துப் பயந்து அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடிவிட்டாள். நான் போனேன். ரப்பர் மொசைக்கை அட்டை மாதிரி பிடித்துக்கொண்டது. அழகாக ஆடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், விழாமல் ஆடினேன். மெட்ராஸ்காரர்கள் ரெண்டு பேர் மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள்.

அவள் கடைசி. அந்த இரும்பு மொசைக்கில் சத்தமே போடவில்லை. அது தரையைப் பிடிக்கவே இல்லை என்று எனக்கு உடனே புரிந்தது. அப்படியும் முதல் எட்டைப் போட்டுவிட்டாள்! உடம்பை எப்படி எப்படியோ வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். ஜெயித்துவிடுவாள் என்றே அந்த ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். ரெண்டாவது எட்டின் திருப்பத்தில் ரெண்டு காலும் ஒரே பக்கமாகப் போயின. வலது கையை ஊன்றினாள். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். அப்பா, "ஐயோ, என் தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் என் இடத்தில் நின்றபடி கையிலிருந்த கடைசி மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு கட்டுகிறவர் ஒருத்தர் உளுந்து மாவும் முட்டையும் வைத்து மூங்கில் பத்தை கட்டினார். பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். வாசலிலேயே என்னை நிறுத்தி, "ரப்பரைக் குடுத்தியா இல்லியா?" என்றார். "குடுத்தேன் டீச்சர். அவதான் எனுக்கு இரும்பே போதும்னுட்டா" என்றேன். வாய் கூசவில்லை. டீச்சர் உள்ளே போய் அவளைப் பிடித்து உலுக்கினார். "இவ ரப்பர் எடுத்தாந்து குடுத்தும் வேணாம்னியாமே! அவ்ளோ திமிராடி உனக்கு? உன் வாழ்க்கையே போச்சேடி!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, சித்தப்பா, எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். அவள் படுத்திருந்தது எங்கள் வீட்டுப் பாய், எங்கள் வீட்டுத் தலையணை.

"தப்பு என்னுதுதான் டீச்சர்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. சரி, அவளே அப்படித்தான் நினைக்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இடம் எனக்குக் கிடைத்தது. மெட்ராஸில் முதல் நாளே அங்கே சொல்லிக்கொடுக்கிற அம்மா என்னை ஆடச்சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலை யாரும்மா செலக்ட் பண்ணாங்க?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். அங்கே ரப்பரே கிடையாது. பத்து வயசுப் பிள்ளைகள் வழுவழுச் சக்கரத்தில் பறந்தன, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தினமும் விழுந்தேன். நாற்பது நாள் தாங்கினேன். பிறகு சோற்றில் புழு இருக்கிறது என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். புழுவும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா பதறி வந்து அழைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் பெட்டியோடு நுழைந்தேன். அவள் கூடத்தில் இடது கையால் அரிசி புடைக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, லீவா?"

"இல்ல. வந்துட்டேன். எனுக்கு அங்க புடிக்கல."

"சீட்டு?"

"உட்டாச்சு. வேற யாருக்கும் தரமாட்டாங்களாம், அது அவ்ளோதானாம்."

எழுந்து வந்தாள். இடது கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். காது கொய்யென்றது. "சும்மாவாடி உட்டுட்டு வந்தே? புடிக்கலன்னு உட்டுட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு அழுத மாதிரி கை ஒடிந்த அன்றைக்கும் அவள் அழவில்லை.

ஆவணியில் கல்யாணம், அதே விழுப்புரத்து மண்டபத்தில். அப்பாவுக்கு அந்த மண்டபம் ராசியில்லை என்று தோன்றவில்லை, வாடகை குறைவு என்று தோன்றியது. அக்னியைச் சுற்றும்போது மாப்பிள்ளை பெண்ணின் வலது கையைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. வலிக்குமோ என்று சித்தப்பா சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டார். அவள் தலையைத் தூக்கவே இல்லை. எவ்வளவு அடக்கம் பாரு என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். அடக்கமாவது! அவள் மொசைக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எந்தத் திருப்பம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கல்யாணம் முடிந்து ரெண்டு மாசம் கழித்துத் தவிட்டு அறைக்குப் போய்க் கையை விட்டுத் துழாவினேன். பையைக் காணோம். மாட்டுக்குத் தவிடு அள்ளுவது அப்போது வீட்டுக்குப் புது மருமகளான அவள் வேலை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எலி இழுத்துப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எட்டு ரப்பர் சக்கரத்தையும் மஞ்சப்பையையும் சேர்த்து எந்த எலி இழுக்கும்?

சித்தப்பா பிறகு விழுப்புரத்தில் அரிசி மண்டி வைத்து அங்கேயே குடிபோய்விட்டார். எனக்குப் பாண்டிச்சேரியில் கல்யாணமானது. அவளை நான் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறேன். அவளுக்கு அந்தக் கையால் துணி பிழிய வராது, குடம் தூக்க வராது. நான் போனால் பிழிந்துகொடுப்பேன். "உங்க அண்ணன் பொண்ணு தங்கமான பொண்ணு" என்று அண்டை அயலார் சித்தப்பாவிடம் சொல்வார்கள்.

கடைசியாகப் போனபோது அவள் மகளுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்தில் ஸ்கேட்டிங் சேர்த்திருக்கிறார்களாம். கடையில் ரெண்டு தினுசு சக்கரம் காட்டினார்களாம், மெத்தென்று ஒன்று, கெட்டியாக ஒன்று. எதை வாங்குவது என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தது குழந்தை. அவள் ஒற்றைக் கையால் எனக்குத் தோசை எடுத்துவைத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்காவைக் கேளு. அக்கா சொன்னா சரியா இருக்கும். அன்னிக்கு எனுக்கு ரப்பர் சக்கரம் எடுத்தாந்து குடுத்துச்சு அக்கா. போடுடின்னு எவ்ளோ சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

இதை அவள் சொல்வது அது முதல் தடவை இல்லை. என் கல்யாணத்தில் சொன்னாள். என் அம்மா செத்த வீட்டில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவாள், என் முகத்தையே பார்ப்பாள், பதிலுக்குக் காத்திருப்பாள். அன்றைக்கும் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இல்லடி?"

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பில் தோசை தீய்ந்தது, அவள் அதை எடுக்கவில்லை.

"ஆமா சித்தி" என்றேன்.